ஒரே பலகையில் ஐந்து நிறம்: ரிடக்‌ஷன் மரச்செதுக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் மரச்செதுக்கில், அதாவது பலகையைச் செதுக்கி மை தடவித் தாளில் அச்செடுக்கும் வேலையில், கை வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்தால் பாதி புரியாது.

ரிடக்‌ஷன்னா என்ன சார்? சாதா மரச்செதுக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண மரச்செதுக்கில் ஒரு பலகை, ஒரு நிறம். வெட்டி எடுத்த இடம் வெள்ளையாக நிற்கும், மிச்சமிருக்கும் மேடு மை பிடிக்கும். பல நிறம் வேண்டுமென்றால் நிறத்துக்கு ஒரு பலகை செதுக்குவார்கள். ரிடக்‌ஷனில் எல்லா நிறத்துக்கும் ஒரே பலகைதான். கொஞ்சம் வெட்டி முதல் நிறத்தை எல்லாத் தாள்களிலும் அடிக்க வேண்டும். அதே பலகையில் இன்னும் கொஞ்சம் வெட்டி, அதே தாள்கள் மேல் அடுத்த நிறம். இப்படியே போய், கடைசி நிறத்துக்கு வரும்போது பலகையில் சொற்பமே மிஞ்சியிருக்கும்.

சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும்போது மெழுகு உருகி ஓடிய பிறகுதான் சிலை வரும் அல்லவா, அந்த மாதிரி. முதல் நிறத்துக்கு இருந்த பலகை இரண்டாம் நிறத்தின்போது இருக்காது. திரும்பப் போய் இன்னும் இரண்டு தாள் அடிக்க முடியாது. இந்த வேலையில் வரும் தலைவலிகளில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வருபவை.

ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்? கலருக்கு ஒரு பலகைன்னு வெச்சுக்கிட்டா போச்சே?

வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. ஆனால் நான்கு பலகை என்றால் நான்கிலும் படத்தை இம்மி பிசகாமல் ஏற்ற வேண்டும். ரிடக்‌ஷனில் எல்லா நிறமும் ஒரே பலகையிலிருந்து வருவதால் கோடுகள் ஒன்றோடொன்று தானாகவே பொருந்தி நிற்கும். மரச் செலவும் குறைவு.

இன்னொரு பக்கம், பின்னால் திருத்தவே முடியாது. ஒரு நிறம் பிடிக்கவில்லை என்றால் பல பலகை முறையில் மையை மாற்றி மறுபடி அடிக்கலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. படத்தை முதலிலேயே முழுதாக யோசித்து முடிப்பவர்களுக்கு ரிடக்‌ஷன் ஒத்துவரும். செய்துகொண்டே யோசிப்பவர்களுக்குத் தனித்தனிப் பலகைதான் நல்லது என்பது என் கருத்து.

இது பிக்காசோ கண்டுபிடிச்சதுன்னு சொல்றாங்களே?

கண்டுபிடித்தவர் அவரல்ல. பிரபலமாக்கியவர் அவர். பிரான்சின் தெற்கில் வல்லோரி ஊரிலிருந்த அர்னேரா என்ற அச்சுக்காரரோடு சேர்ந்து, தரையில் விரிக்கும் லினோலியத்தை மரத்துக்குப் பதிலாகச் செதுக்கி வேலை செய்தார். 1958-இல் பழைய ஜெர்மன் ஓவியர் கிரானாக்கின் ஓவியத்தைப் பார்த்து ஒரு பெண்ணின் படத்தைத் தனித்தனிப் பலகைகளில் செய்தார். பொருத்துவது பெரும்பாடாக இருந்தது. அதற்கு அடுத்துத்தான் ஒரே பலகைக்கு மாறினார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது.

எந்த மரம் வாங்கறது? மரவாடியில கேட்டா சிரிக்கிறாங்க.

சிரிக்கட்டும். ‘கதவு, ஜன்னலுக்கு இல்லை, உளி ஓட வேண்டும், முடிச்சு இல்லாத துண்டு’ என்று சொல்லிக் கேளுங்கள். நம் பக்கம் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது பூவரசு. நார் நெருக்கமாக இருக்கும், சிலாம்பு அதிகம் பெயராது. பலாவும் நன்றாக வெட்டுப்படும். தஞ்சாவூர் வீணை செய்கிறவர்கள் அதைத்தான் குடைகிறார்கள். மாமரம் மலிவு, ஆனால் வண்டுத் துளை பார்த்து வாங்க வேண்டும். கஜா புயல் சாய்த்த மாமரங்கள் 2018-க்குப் பிறகு விறகு விலைக்குப் போனபோது சிலர் பலகை போட்டு வைத்தார்கள், கெட்டிக்காரர்கள். நாகசுரம் செய்யும் ஆச்சா மரத்தை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள், உளிதான் மழுங்கும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

முதல் தடவை என்றால் இதெல்லாம் வேண்டாம், ப்ளைவுட் போதும். மேல் தோல் நன்றாக இருக்கும் துண்டாகப் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் ரேகையே இல்லை, எந்தத் திசையிலும் வெட்டலாம். ஆனால் தண்ணீர் பட்டால் உப்பிவிடும், மர ரேகையின் அழகும் அச்சில் வராது.

எனக்குப் பத்துப் படம் போதும். பத்துத் தாள்தானே எடுக்கணும்?

இல்லை, பதினைந்தாவது எடுங்கள். நிறம் அதிகமானால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றிரண்டு தாள் வீணாகும். ஒன்றில் மை திட்டாகும், ஒன்று நழுவும், ஒன்றில் கட்டைவிரல் ரேகை விழும். நான்கு தடவை அடிக்கும்போது தடவைக்கு ஒன்று போனாலே நான்கு போச்சு. இது தவிர, நிறம் பார்ப்பதற்கென்று இரண்டு மூன்று தாளை ஆரம்பத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள். புது நிறத்தை முதலில் அவற்றில் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல தாளுக்கு வரலாம்.

படம் இடம் வலமா மாறித்தானே விழும்?

ஆமாம். படத்தை டிரேசிங் தாளில் எடுத்து, புரட்டிப் போட்டு, கார்பன் வைத்துப் பலகையில் ஏற்றுங்கள். கோயில் கோபுரம் பரவாயில்லை, பெயர்ப் பலகை எழுத்து வந்தால்தான் ஊரே சிரிக்கும். அந்த டிரேசிங் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எந்தக் கலரை முதல்ல அடிக்கிறது? குழப்பமா இருக்கு.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். ஓர் உதாரணத்தோடு பார்த்தால் தெளிவாகும். அறுப்புக்கு முந்தைய சம்பா வயல், அதில் ஒரு வெள்ளைக் கொக்கு, மஞ்சள் வானம், தூரத்தில் பனைமரங்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை, மஞ்சள், இளம்பச்சை, கரும்பச்சை, கறுப்பு என ஐந்து நிறம். வெள்ளை என்பது தாளின் நிறமே என்பதால் அடிப்பது நான்கு தடவைதான்.

முதலில் கொக்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மஞ்சள் அடியுங்கள். கொக்கு தவிர எல்லாம் மஞ்சளாக இருக்கும், பனைமரமும்கூட. அடுத்து, மஞ்சளாகவே நிற்க வேண்டிய வானத்தையும் முற்றிய கதிரையும் வெட்டுங்கள், இளம்பச்சை அடியுங்கள். பிறகு இளம்பச்சையாக நிற்க வேண்டிய பயிரை வெட்டிவிட்டுக் கரும்பச்சை. கடைசியாக, கரும்பச்சை நிற்க வேண்டிய இடத்தை வெட்டினால் பலகையில் பனைமரமும் வரப்பும்தான் மிச்சம், அதற்குக் கறுப்பு. ஆக, ஒவ்வொரு கட்டத்திலும் வெட்டுவது இப்போது அடிக்கப்போகும் நிறத்தை அல்ல, ஏற்கெனவே அடித்துக் காய்ந்த நிறத்தை. ‘இப்போது தாளில் இருக்கும் நிறத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டால் உளி தப்பான இடத்தில் இறங்காது.

வெட்டுவதற்கு முன்னால் கட்டத்துக்கு ஒன்றாகப் படம் போட்டு, வெட்ட வேண்டிய இடத்தைச் சிவப்புப் பென்சிலால் தீட்டி வையுங்கள். கம்ப்யூட்டரில் லேயர் பிரித்துப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம்.

முதல் கலர் அடிச்சதும் நான் வரைஞ்ச கோடே தெரியல. இப்ப எதைப் பார்த்து வெட்டறது?

மை ஏறியதும் பென்சில் கோடும் கார்பன் கோடும் மறைந்துவிடும். அதனால் ஆரம்பத்திலேயே நீர்புகா இந்தியன் இங்க்கால் வரைந்து, அதன்மேல் பிரெஞ்ச் பாலிஷை ஒரு கை மெல்லிசாகப் பூசிவிடுங்கள். வெளிர் மைக்கு அடியில் கோடு தெரியும், ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அழியாது. மார்க்கர் பேனா வேண்டாம், அதன் சாயம் மையோடு கலந்து தாளில் இறங்கும்.

அடர் நிறத்துக்குப் பிறகு இதுவும் தெரியாது. அப்போதுதான் அந்த டிரேசிங் தாள் உதவும். பலகையைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்துவிட்டு மறுபடி கார்பன் போட்டு ஏற்றலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

எவ்வளவு கவனமா வெச்சாலும் ரெண்டாவது கலர் தள்ளிப் போவுது அண்ணே.

ஆஃப்செட் பிரஸ்காரர்கள் ‘ரிஜிஸ்டர் விலகுது’ என்பார்கள், அதேதான். கண்ணால் பார்த்து வைப்பதை முதலில் விடுங்கள். தாளைவிடப் பெரிய ஒரு ப்ளைவுட் அடிப்பலகை எடுத்து, அதில் பலகை உட்காரும் மூலையில் ‘ட’ மாதிரி இரண்டு சட்டம் அடியுங்கள். தாளுக்குத் தனியாக ஒரு மூலைத் தடுப்பும், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி ஒரு நேர்த் தடுப்பும் வையுங்கள். ஜப்பான்காரர்கள் ‘கெந்தோ’ என்று பலகையிலேயே செதுக்கிக்கொள்ளும் இரண்டு அடையாளமும் இதுதான். தாளை முதலில் மூலையில் பொருத்தி, பிறகு நேர்த் தடுப்பில் தொட வைத்து, அப்புறம்தான் மெதுவாக இறக்க வேண்டும். எப்போதும் தாளின் அதே மூலைதான், அதைப் பின்பக்கம் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

கைக்காகிதம் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதன் ஓரம் பிசிறு பிசிறாக அழகாக இருக்கும். ஆனால் பிசிறுக்கு நேர் எது, கோணல் எது? தடுப்பில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். ஒன்று, இரண்டு ஓரத்தை நேராக வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் தாளின் தலைப்பில் ஒரு கெட்டி அட்டைத் துண்டை ஒட்டி, ஆபீஸ் பஞ்சிங் மிஷினால் இரண்டு ஓட்டை போட்டு, அடிப்பலகையில் இரண்டு முளை அடித்து மாட்டுங்கள். வேலை முடிந்ததும் அட்டையை வெட்டிவிடலாம்.

எவ்வளவு செய்தாலும் மயிரிழை நகரத்தான் செய்யும். அது கண்ணை உறுத்துவது வெள்ளையின் ஓரத்தில்தான், கொக்கின் முதுகில் பச்சை ஏறியது போல. அதனால் இரண்டாம் கட்டத்தில் கொக்கைச் சுற்றி அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிவிடுங்கள். கொக்கைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு தெரியும், வெயில் பட்ட மாதிரிதான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில அச்சே போடக் கூடாதா?

போடாமல் இருந்தால் நல்லது. எண்ணெய் மை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால்தான் காய்கிறது. அடைமழையில் அது இழுத்துக்கொண்டே போகும். தாளும் ஈரத்தைக் குடித்து விரியும், அதுவும் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே கூடுதலாக. மரமும் அப்படியே, நீளவாக்கில் நீளாது, அகலவாக்கில் உப்பும். மழைநாளில் மஞ்சள் அடித்து, வெயில்நாளில் பச்சை அடித்தால் ரிஜிஸ்டர் எப்படி நிற்கும்? முன் பதிலில் சொன்னதையெல்லாம் செய்தும் விலகுகிறது என்பவர்கள், எந்த எந்த நாளில் அடித்தார்கள் என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் படம் போடுங்கள், உளி தீட்டுங்கள், முதல் கட்டத்தை வெட்டுங்கள். அச்சை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் மை இளகி ஓடும். ஆடிக் காற்றில் தாள் பறப்பதோடு ஈர மையில் தூசியும் படியும். மழையில்தான் அடித்தாக வேண்டும் என்றால் ஒரு நிறத்தை எல்லாத் தாளிலும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். காய்ந்த தாள்களைப் பலகையோடு சேர்த்து பாலித்தீன் உறைக்குள் கட்டி வையுங்கள். அடிக்கடி திறந்து பாருங்கள், பூஞ்சை பிடிக்கும்.

மை எது? ஆஃப்செட் மை போட்டா ஆகாதா?

ஆகும். பிரஸ் சாமான் கடையில் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். ஆஃப்செட்டின் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் அடியில் இருப்பதைக் காட்டும் மைகள். மஞ்சள் மேல் நீலம் அடித்தால் பச்சை. இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்தால் ஒரு நிறம் மிச்சம், மறந்தால் எதிர்பாராத நிறம் வரும். அடியில் இருப்பது தெரியக் கூடாது என்றால் கொஞ்சம் வெள்ளை மை கலக்க வேண்டும். வெள்ளை கலந்தால் நிறம் பாலாடை பிடித்த மாதிரி வெளுக்கும், அளவோடு சேருங்கள்.

பிரஸ் இல்ல. கரண்டியால தேய்ச்சா விழுமா?

விழும். எவர்சில்வர் கரண்டியின் முதுகு, மரக் கரண்டி, நன்றாக இழைத்த கொட்டாங்குச்சி என எது வேண்டுமானாலும் உதவும். நடுவிலிருந்து வெளியே, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, மை வெளுத்த இடத்தில் இன்னும் தேய்க்கலாம். முழுத் தாளையும் தூக்கிவிட்டால் மறுபடி அதே இடத்தில் விழாது.

இதற்கு மெல்லிய, உறுதியான தாள் வேண்டும். நேபாள லோக்தா மாதிரி நீள நார்க் காகிதம் நல்லது. கெட்டியான கைக்காகிதத்தில் கை வலிப்பதுதான் மிச்சம், அது பிரஸ்ஸுக்கு ஏற்றது. காகிதக் கவலை நம் ஊருக்குப் புதிதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஆட்கள் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது தாள் தட்டுப்பாடு. சிறிய எழுத்து வார்த்தார்கள், பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையே கட்டினார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்னும் இருக்கிறது.

பச்சை வயலுக்கு நடுவுல ஒரு ஆளு, தோள்ல செவப்புத் துண்டு. அந்தச் செவப்பை எந்தக் கட்டத்துல அடிக்கிறது?

நல்ல கேள்வி. மஞ்சள், பச்சை, கறுப்பு என்ற வரிசையில் சிவப்புக்கு இடமில்லை. பச்சை மேல் சிவப்பு விழுந்தால் மண்ணிறம், சிவப்பு மேல் பச்சை விழுந்தாலும் அதே கதிதான். மஞ்சள் கட்டம் முடிந்ததும், துண்டு அளவுக்கு ஓட்டை வெட்டிய மெல்லிய தாளைப் பலகை மேல் வைத்து, அந்த இடத்தில் மட்டும் சிறிய ரோலரால் சிவப்பு ஏற்றி, முகமூடித் தாளை எடுத்துவிட்டு அச்சிடுங்கள். காய்ந்ததும் பலகையில் துண்டை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பச்சைக்குப் போக வேண்டும். மஞ்சள் மேல் சிவப்பு, கொஞ்சம் செங்காவி சாயலோடு நன்றாகவே இருக்கும்.

துண்டு இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். பொட்டு அளவுச் சிவப்புக்கு இந்த வித்தை எடுபடாது.

கடைசிக் கறுப்புக் கோடு எல்லாம் பொடிப்பொடியா உடையுது.

வெள்ளைக் கோடு சுலபம், ஓர் இழுப்பில் முடிந்துவிடும். கறுப்புக் கோடு அப்படியல்ல. முதல் நிறத்திலிருந்து கடைசி வரை அது மெல்லிய சுவராக நின்றாக வேண்டும், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டத்திலும் உளி ஓடுகிறது. ப்ளைவுட்டில் ரேகைக்குக் குறுக்கே போகும் மெல்லிய கோடு நிற்கவே நிற்காது.

கத்தியைச் செங்குத்தாக இறக்காமல் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து வெட்டுங்கள். சுவர் மேலே மெலிந்தும் அடியில் அகன்றும் நிற்கும். முதலில் கத்தியால் கோட்டின் இரு பக்கமும் கீறிவிட்டு, பிறகுதான் நக உளி. உளி மழுங்கினால் மரம் வெட்டுப்படாமல் பிய்ந்து வரும், அதனால் தீட்டிக்கொண்டே வெட்டுங்கள். பனை ஓலை போன்ற நுணுக்கத்தைக் கடைசி வெட்டுக்கு விட்டு வையுங்கள், அதுவரை பனந்தலை முழுவதும் ஒரே மேடாக இருக்கட்டும். ஓலைகளுக்கு நடுவே தெரியும் கரும்பச்சை, வானத்து மஞ்சளைவிட மோசமாக ஒன்றும் இருக்காது.

வெட்டக் கூடாத இடத்த வெட்டிட்டேன். போச்சா?

எவ்வளவு வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. பெயர்ந்த சில்லு கையில் இருந்தால் ஃபெவிகால் வைத்து அதே இடத்தில் ஒட்டி, கனம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். சில்லு இல்லையென்றால் நைஸான மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் மட்டமாக்குங்கள். விரல்நகம் அளவு இடத்துக்கு இது போதும். அதைவிடப் பெரிசு என்றால் படத்தை மாற்றிக்கொள்வதுதான் வழி. இன்னும் ஒரு கொக்கு வந்து உட்காரட்டும்.

மூணாவது கலருக்கு மேல மை ஒட்டவே மாட்டேங்குது. பளபளன்னு பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுச்சு.

முதல் நிறங்களைத் தடிப்பாக அடித்திருக்கிறீர்கள். காய்ந்த மை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் அடுத்த மை அதில் உட்காராமல் திட்டுத்திட்டாக நிற்கும். ரோலரை மையில் ஓட்டும்போது ‘சிர்’ரென்று மெல்லிய சத்தம் வர வேண்டும், ‘சளக்’கென்று பிசுபிசுத்தால் மை அதிகம். தடவைக்கு மிக மெல்லிய மை போதும். சீக்கிரம் காயட்டும் என்று மையில் கலக்கும் டிரையர் திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே பளபளப்பு வரும்.

ஏற்கெனவே ஆகிவிட்டதென்றால் அடுத்த மையில் ஆளிவிதை எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு இளக்கிப் பாருங்கள். பிசின் குறைந்த மை அடியிலிருக்கும் நிறத்தைப் பிய்த்துக்கொண்டும் வராது.

வெட்டின இடத்துலயும் கீறல் கீறலா மை விழுது.

ஆழம் போதவில்லை, அல்லது ரோலர் ரொம்ப மெத்து. பெரிய வெற்றிடங்களை நன்றாக ஆழமாக்குங்கள், அல்லது மை போட்ட பிறகு அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு அச்சிடுங்கள். ஆனால் அந்தக் கீறல்கள் உளி போன திசையைக் காட்டும். வானத்தில் நாலு விழுந்தால் நான் துடைப்பதில்லை.

பத்து நெனச்சேன், ஆறுதான் தேறுச்சு. நம்பர் எப்படிப் போடறது?

1/6, 2/6 என்றே போடுங்கள். கீழே இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து, எல்லாம் பென்சிலில். நிறம் பார்க்க ஒதுக்கிய தாளில் ஒன்று நன்றாக வந்திருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் ‘கலைஞர் பிரதி’ என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கீழ் எண்ணைப் பின்னால் கூட்டுவது நாணயமில்லை, ரிடக்‌ஷனில் கூட்டவும் முடியாது.

எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு. இப்ப வானத்துல லேசா ஒரு நீலம் வேணும்னு தோணுது. பலகையில வானமே இல்லையே?

வானத்துக்கு மட்டும் இன்னொரு சிறு பலகை வெட்டலாம். பழைய பலகையின் அதே அளவில், அதே ‘ட’ சட்டத்துக்குள் உட்காரும்படி வெட்டினால் ரிஜிஸ்டர் மாறாது. ஓர் அச்சுத் தாளையே டிரேஸ் செய்து, பனந்தலைகளைத் தவிர்த்து வானத்தை ஏற்றுங்கள். நீலத்தில் டிரான்ஸ்பரன்ட் பேஸ் என்ற நிறமில்லாத மையை நிறையக் கலந்து மெல்லிசாக அடியுங்கள். மஞ்சள் மேல் விழுவதால் நீலமாக வராது, பச்சை சாயல்தான் வரும். சுத்த நீலம் வேண்டுமென்றால் வானத்தைக் கொக்கோடு சேர்த்து முதல் கட்டத்திலேயே வெட்டி வெள்ளையாக விட்டிருக்க வேண்டும். முதலில் ஒதுக்கிய சோதனைத் தாளில் அடித்துப் பாருங்கள். பிடித்தால் மற்ற ஆறிலும் அடியுங்கள், பிடிக்காவிட்டால் வானம் மஞ்சளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.